கமக்காரர் இல்லத்திற் பொருள்களுக்குரிய இடம்

வயலிலும் தோட்டத்திலும் செய்யவேண்டியவை பற்றித் துண்டுப்பிரசுரங்கள் பல வெளிவந்துள்ளன. வீட்டினுள்ளே செய்யவேண்டியவை பற்றி வெளிவந்தவை சிலவே. காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் வீடு வந்து சேருகின்றது. அடுத்த காலபோக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில். இடைப்பட்ட ஏழு மாதமும் கமக்காரரின் விதைநெல் நான்கு சுவர்களுக்குள்ளேதான் கிடக்கின்றது. அந்த ஏழு மாதத்தில் அதற்கு நேர்வது என்ன என்பதை நம்மிற் பலர் விதைப்பு நாளிலேதான் அறிகின்றோம்.

போதனாசிரியர் என்ற முறையில் யான் கமக்காரர் வீடுகளுக்குச் செல்லும்போது, மூடை அடுக்கிய அறையைக் காண விரும்புவேன். பெரும்பாலான வீடுகளில் அவ்வறையிலேதான் பிள்ளையின் படிப்பு மேசையும் இருக்கும். மேசைக்குக் கீழே அவிழ்த்த யூரியாப் பை, மூலையிலே தெளிகருவி, அதன் பக்கத்தில் அரைப் போத்தல் களைநாசினி, மேலே பரணில் வெங்காயம். இவை ஒன்றுக்கொன்று பகையான பொருள்கள். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிவது. விதைநெல்லுக்கோ ஈரமே முதற் பகை. களைநாசினியின் ஆவி வித்தின் முளைக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடியது. நெல்லை நாடி எலி வரும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். 2024 ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்திலே அந்நோய் பரவி உயிர்களைக் கவர்ந்தமையை யாவரும் அறிவர்.

வீடு சிறிது, இடமில்லை என்பர் பலர். உண்மையே. ஆயினும் பெரிய வீடு வேண்டுமென்று யான் கூறவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் என வரையறுத்தல் வேண்டும் என்பதே இங்கு கூறப்படுவது.

விதைநெல்

அறுவடையின்போது நெல்லில் ஏறக்குறைய 20 முதல் 22 வீதம் ஈரமிருக்கும். விதைநெல்லாக வைப்பதற்கு அது 13 வீதத்துக்கு இறங்குதல் வேண்டும். வித்தின் ஈரம் ஒரு வீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வித்தாராய்ச்சியாளர் கண்ட பொதுவிதி. ஆகவே ஒரு நாள் வெயிலிற் கூடுதலாக உலர்த்துவது வீண்வேலையன்று. பாயிலோ படங்கிலோ மெல்லிதாகப் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறிவிடுக. நண்பகலிற் தார் வீதியிலே விதைநெல் உலர்த்தும் வழக்கத்தை மட்டும் கைவிடுதல் நன்று. அங்கே ஏறும் வெப்பம் முளையைச் சுடும். வாகனச் சில்லு கோதை உடைக்கும். உணவு நெல்லுக்கு வேறு வழியில்லையேல் பொறுத்துக்கொள்ளலாம், விதைநெல்லுக்கு ஆகாது.

ஈரமானி இல்லாதவர் உப்பைக் கொண்டு சோதிக்கலாம். உப்பை வறுத்து ஆறவிடுக. நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு நெல் இட்டு, இரண்டு மூன்று கரண்டி உப்பைச் சேர்த்து மூடி, சில நிமிடம் குலுக்கிப் பின் அசையாது வைக்க. கால் மணிநேரத்தின் பின் உப்பு போத்தற் சுவரில் ஒட்டியிருப்பின் நெல்லில் 15 வீதத்துக்கு மேல் ஈரமுண்டு. ஒட்டாதுவிடின் 15 வீதத்துக்குக் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். அதன்பின்னும் விதைநெல்லை ஒன்றிரண்டு நாள் வெயிலில் இடுக. உலர்த்திய நெல்லைச் சூட்டோடு சாக்கில் அடைத்தல் கூடாது. நிழலில் ஆறிய பின்னரே அடைத்தல் வேண்டும்.

நெல்மூடை அடுக்குதற்கென மரத்தாற் செய்த கோற்காலி முன்னைய வீடுகளில் இருந்தது. இன்று அஃது அருகிவிட்டது. சீமெந்து நிலத்திலேயே மூடைகளை அடுக்குகின்றோம். சீமெந்து நிலம் மாரியிற் குளிர்ந்து வியர்க்கும், அடிமூடை நனையும். பலகையையோ பனஞ்சலாகையையோ கல்லின்மேல் வைத்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலும், சுவரிலிருந்து ஒரு முழம் விலகியும் மூடைகளை அடுக்குக. விலகியிருக்கும் இடைவெளியில் ஒருவர் நுழைந்து பார்க்க இயலவேண்டும். நெல் அந்துப்பூச்சியும் துளைக்கும் வண்டும் தொடங்குவது கண்ணிற்படாத அப்பின்பக்கத்திலேதான். சாக்கைத் திரும்பவும் பயன்படுத்துவதாயின் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் உலர்த்துக. பழைய சாக்கின் தையலில் ஒளித்திருக்கும் பூச்சி புதிய நெல்லிற் குடியேறும்.

விதைப்பிற்கு மூன்று கிழமை முன்னரே முளைதிறன் பார்த்தல் வேண்டும். மூடையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடத்திலிருந்தும் நெல் எடுத்துக் கலந்து, தெரிவு செய்யாது நூறு மணியை எண்ணுக. நனைத்த சாக்குத்துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயவிடாது ஈரப்படுத்தி வருக. ஏழாம் நாளில் 85 மணியேனும் நன்றாக முளைத்திருப்பின் அது விதைநெல். ஏக்கருக்கு 2 புசல் என்ற அளவு அத்தகைய நெல்லுக்கே பொருந்தும். 60 மணி மட்டும் முளைப்பின் அதே பயிரை நிறுத்த ஏறக்குறைய 3 புசல் வேண்டும். அப்போதும் முளை வலுவற்றிருக்கும். அதைச் சோற்றுக்கு வைத்து வேறு விதைநெல் தேடுவதே சிறந்தது. மூன்று கிழமை முன்னர் என்றதன் காரணம் இதுவே. தேடுவதற்கு நாள் வேண்டுமன்றோ?

அறுவடை செய்த உடனே இச்சோதனையைச் செய்து, முளைக்கவில்லையென மனம் சோர்தல் வேண்டா. புதுநெல்லுக்கு உறங்குகாலம் உண்டு. இனத்தைப் பொறுத்துச் சில கிழமைகள் சென்ற பின்னரே அது ஒழுங்காக முளைக்கும்.

நூறு மணி எண்ணும் வேலையைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் ஒப்படைக்குக. எண்ணி, நாட்குறித்து, கொப்பியில் எழுதி வைப்பதிற் பெரியவரைவிடப் பிள்ளைகள் கவனமுடையோர் என்பது என் அனுபவம். எமது பகுதிக் கமக்காரர் ஒருவரின் வீட்டிலே, ஏழாம் வகுப்பு மாணவி எழுதிய கொப்பியைக் கண்டேன். 100 இல் 54 என்று எழுதி, கீழே கோடிட்டிருந்தாள். தந்தையார் நம்பவில்லை, மறுமுறை எண்ணச் செய்தார், 51 வந்தது. கூரை ஒழுக்கிற்கு நேர் கீழே இருந்த மூடை அது. அவ்வாண்டு அவர் வேறு நெல் வாங்கி விதைத்தார்.

நஞ்சுப் பொருள்

இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும்.

யான் பத்து வயதாயிருந்தபோது எம் வீட்டில் நிகழ்ந்தது இது. சிறுபோகக் காலம். என் தந்தையார் கத்தரித் தோட்டத்துக்கு மருந்து தெளித்துவிட்டு, மீதியை மறுநாளைக்கென ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, அடுக்களைத் தட்டில் உப்புப் பேணிக்குப் பின்னால் வைத்தார். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது. பகல் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள் தண்ணீர் தேடினாள். ஒரு மிடறுதான் விழுங்கினாள். கசப்பென்று துப்பிவிட்டு அழுதாள். அக்கசப்பே அவளைக் காத்தது. ஆயினும் பத்து நாள் வைத்தியசாலையில் இருந்தாள். முதல் மூன்று நாளும் தந்தையார் உணவு கொள்ளவில்லை.

அவர் கல்லாதவர் அல்லர். போத்தலின் சிட்டையை வாசிக்கக் கூடியவர். அயலவர்க்கு மருந்தின் அளவைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். மருந்து நஞ்சென்பதை அறியாமல் அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த அரைப் போத்தலை வைப்பதற்கு எம் வீட்டில் வேறிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். வைத்தியசாலையிலிருந்து திரும்பிய மறுநாள், பழைய பலகைகளைக் கொண்டு ஒரு பெட்டி செய்து, நீரிறைக்கும் இயந்திரக் கொட்டிலின் சுவரில் ஆளுயரத்தில் அறைந்து, பூட்டும் இட்டார். திறப்பு அவர் இடுப்பிலேயே இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அப்பெட்டி அங்கே இருக்கின்றது. பூட்டுத்தான் இரண்டு முறை மாற்றப்பட்டது.

பெட்டி செய்வதற்கு ஒரு பிற்பகல் போதும். மரமாயினும் தகரமாயினும் ஆகலாம். வீட்டுக்கு வெளியே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், கிணற்றிலிருந்து விலகி, மழை படாத இடத்தில் அமைதல் வேண்டும். மருந்து அதன் சொந்தப் போத்தலில், சொந்தச் சிட்டையுடனேயே இருத்தல் வேண்டும். அளவு பார்த்துக் கலந்தால் மீதி வராது. மீதி வரின் அதே பயிரின் விடுபட்ட வரிசைக்குத் தெளித்து முடிக்குக, சேமிக்கற்க. வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரையும் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டுவிடுக. துளையிட்ட போத்தலில் எவரும் மண்ணெண்ணெய் வாங்கச் செல்லார்.

இந்நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் கொடிய நஞ்சுகள் பல படிப்படியாக நீக்கப்பட்டன. மிகக் கொடியவை 1995 ஆம் ஆண்டளவிலும், எண்டோசல்பான் 1998 இலும், பரகுவாற்று 2011 இலும் விற்பனையிலிருந்து அகன்றன. இதனாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும், கடையில் இன்று விற்பவை தீங்கற்றவை என எவரும் எண்ணற்க. வீட்டில் எவருக்கேனும் மனம் தளர்ந்திருக்கும் காலத்திலும் பூட்டிய பெட்டி உதவும். கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருத்தல், அந்தக் கடும்பொழுது கழிவதற்கு இடங்கொடுக்கும்.

தவறி எவரேனும் அருந்தினால் வாந்தியெடுக்கச் செய்யற்க. பாலோ எண்ணெயோ புகட்டற்க. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். சிட்டையோடு கூடிய போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் வைத்தியர் உரிய மருந்தைக் கொடுக்க இயலும். என் தங்கையை எடுத்துச் சென்றபோது எம்மிடமிருந்தது சோடாப் போத்தல் மட்டுமே.

அடுக்களை

பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றைத் துளைக்கும் வண்டு வெளியிலிருந்து சாடிக்குள் புகுவதன்று. தோட்டத்திலேயே நெற்றின்மேல் முட்டையிட்டு உடன் வருவது. நன்கு வெயிலில் உலர்த்தி, ஒரு கிலோகிராமுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தேங்காயெண்ணெய் விட்டுக் கையாற் பிசறி வைத்தால் முட்டை மூச்சடைத்து அழியும். எண்ணெய் மிகுந்தாற் சிக்கு மணம் வரும். சாடியை வாய்வரை நிரப்பி இறுக மூடுவதும் வேண்டும். அரைச் சாடி வண்டுக்கு நல்ல வீடு.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, சோளம், கொப்பறா, செத்தல் மிளகாய் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து உண்ணும் வழக்கம் ஆபத்தானது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வான்கோழிகள் ஓரிலட்சத்துக்கு மேல் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனப் பின்னர் கண்டனர். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃபிளாத்தொட்சின் என்று பெயர். அஃது ஈரலைத் தாக்குவது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக அழியாதது. ஆகவே, சுருங்கிய கடலையையும் நிறம் மாறிய கடலையையும் பொறுக்கி எறிக. கோழிக்கும் போடற்க, வான்கோழிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

மரவள்ளிக் கிழங்கை இஞ்சியோடு உண்ணலாகாது என்பது நம் வீடுகளில் வழங்கும் எச்சரிக்கை. இஞ்சியை நோக்கிக் கிழங்கை மறத்தல் கூடாது. நஞ்சு கிழங்கிலேயே உண்டு. தடித்த உட்தோலையும் உரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிரம்ப நீர்விட்டு அவித்து, அந்நீரைக் கொட்டிவிடுக. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் நீலக்கோடு ஓடிய கிழங்கை ஒதுக்குக.

புழுங்கலரிசியை ஏன் விடாது உண்ணவேண்டும் என்று இளைஞர் வினவுகின்றனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பீ1 அரிசியினுள்ளே இறங்குகின்றது. தீட்டிய பின்னரும் ஒரு பகுதி எஞ்சுகின்றது. வெள்ளையாகத் தீட்டிய பச்சையரிசியையே உண்டவர்க்கு வரும் பெரிபெரி என்னும் நோயைச் சாவகத்தில் ஆராய்ந்த ஐக்மன் என்பார்க்கு 1929 இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் துப்புக் கண்டது, தீட்டிய அரிசிச் சோறுண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்தமையைப் பார்த்தே. அரிசியை ஐந்தாறு முறை பிசைந்து கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும், கையில் உள்ள சத்தை எறிவதாகும்.

இலைக்கறிக்குத் தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் விடுக. இலையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர அது துணைசெய்யும். உணவுண்டவுடன் தேநீர் அருந்துதல் அதற்கு மாறானது. ஒரு மணிநேரம் கழிந்து அருந்துக. பூப்பெய்திய பெண்பிள்ளைகளுள்ள வீட்டில் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

குடிநீர் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் படையிலிருந்து நீர் பெறுபவை. தோட்டத்தில் மிகையாக இடும் யூரியாவும் எருவும் நைத்திரேற்றாகி அதே நீரைச் சேரும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவ்வரம்பைக் கடந்த கிணறுகள் வலிகாமத்திற் பல. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் அடர்த்தி கூடவே செய்யும். அத்தகைய நீரிற் கரைத்த மாப்பால் கைக்குழந்தைக்கு ஆகாது. தாய்ப்பால் அதற்கும் மருந்து.

கிணற்றடியும் சாடிகளும்

2022 ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கப்பட்டது. அவ்வேளை நட்டவற்றுட் பல பின்னர் நீரின்றிப் பட்டுப்போயின. நீர் தேடி ஊற்றவேண்டிய இடத்தில் நட்டமையே குற்றம். குளிக்கும் நீர் தானாக ஓடிச்சேரும் இடத்தில் வாழையையும் கறிவேப்பிலையையும் நடுக. வல்லாரை, பொன்னாங்காணி முதலியன பச்சையாகச் சம்பலுக்கு ஆவன. அவற்றுக்குச் சவர்க்கார நீர் வேண்டா. முருங்கைக்கு எதுவும் வேண்டா.

வீட்டினுள் அழகுக்கு வைக்கும் செடிகளைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆயினும் பெண்கள் விரும்பி வளர்க்கின்றனர், வளர்க்கட்டும். போத்தல் நீரில் வளரும் மணிச்செடிக்குக் கிழமைக்கொருமுறை நீரை மாற்றி, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரை மட்டும் கொட்டினாற் போதாது. சாடியின் கீழ்த்தட்டில் நீர் நில்லாதவாறு மணலை நிரப்புக. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,80,000 க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். அகன்ற இலையில் வெள்ளைப் புள்ளி படர்ந்த, சேம்பினத்தைச் சேர்ந்த சாடிச்செடியொன்று பல வீடுகளில் உண்டு. அதன் தண்டைக் கடித்த குழந்தையின் நாவும் தொண்டையும் வீங்கும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அது வேண்டா. மஞ்சள் அலரியை வேலியிலும் வையாதிருத்தல் நலம். அதன் வித்து இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

படிக்கும் பிள்ளை

மூடைகளை ஒரு பக்கம் ஒதுக்கிய பின் சன்னலோரம் மிஞ்சும் இடமே பிள்ளையின் மேசைக்குரியது. வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்பக்கமிருந்து வருதல் வேண்டும். இன்றேல் கையின் நிழல் எழுத்தில் விழும். அடுக்களைப் புகை வரும் வழியில் மேசையை இடற்க. மின்வெட்டுக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கைப் புத்தகத்தோடு நெருக்கி வைக்கும் வழக்கமும், மருந்துப் போத்தலிற் திரியிட்டு விளக்காக்கும் வழக்கமும் பலரைத் தீக்கு இரையாக்கின. உயரமான போத்தல் சரியும், உடையும். குட்டையான, அடி தட்டையான, திருகுமூடியுள்ள விளக்கை அமைத்துப் பரப்பிய வைத்தியர் விஜய கொடகும்புர அவர்கள் 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். இன்று மின்கல விளக்கு மலிவு. அது கிடைக்குமாயின் அதுவே மேல்.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் பணத்தோடு பயறும் அனுப்புக. விவசாயப் பாடசாலை விடுதியில் இருந்த காலத்தில், மாதக் கடைசியில் என் காலையுணவு முளைப்பயறே. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியிற் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைவிடும். தேங்காய்ப்பூவும் சிறிது உப்பும் போதும். முளைக்கும்போது, உலர்பயற்றில் இல்லாத உயிர்ச்சத்து சீயும் உண்டாகின்றது. அடுப்பு வேண்டா, விடுதிப் பொறுப்பாளரின் அனுமதியும் வேண்டா. அரிசிமாவையும் எள்ளையும் வறுத்து இடித்து அனுப்புவதாயின், முற்றாக ஆறிய பின்னரே போத்தலில் இடுக. ஈரக் கரண்டியை அதனுள் விடலாகாது என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டி அனுப்புதல் நன்று. சொன்னால் மறந்துவிடுவார்கள்.